டீ குடித்தால் கொழுப்பு கரையுமா?

வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி வளாகத்தை 2024 ஆகஸ்டில் முதல்வர் திறந்துவைத்தார். இத்தனை இளம் வயதுக்காரர்கள் ஒரே இடத்தில் ஷிஃப்ட் பார்த்தால், உடம்பு இளைக்க ஆளுக்கொரு யோசனை வாட்ஸ்அப்பில் சுற்றத்தானே செய்யும்? அதில் டீக்குத் தனி மவுசு.

நம்பிக்கை: டீ கொழுப்பை எரிக்கும்.

முழுப் பொய் இல்லை. அதனால்தான் இத்தனை காலம் ஓடுகிறது. 1999-ல் ஜெனீவாவில் 10 ஆண்களுக்கு கிரீன் டீ சாறு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாளில் உடம்பு செலவழிக்கும் சக்தி சுமார் 4 சதவீதம் கூடியது. எரிபொருளில் கொழுப்பின் பங்கும் ஏறியது. அதே அளவு கஃபீனைத் தனியாகக் கொடுத்தபோது இது நடக்கவில்லை. கொழுப்பை வெளியே விடச் சொல்லும் நார்அட்ரினலின் சீக்கிரம் சிதையாமல் டீயிலுள்ள கேட்டச்சின்கள் என்ற வேதிப்பொருள்கள் காக்கின்றன, கஃபீன் அதற்குக் கை கொடுக்கிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

கணக்கில் அந்த 4 சதவீதம் எவ்வளவு? ஏறக்குறைய 80 கலோரி. இப்போது டீக்கடைக்கு வாருங்கள். மாஸ்டர் கிளாஸில் முதலில் போடுவது இரண்டு ஸ்பூன் சர்க்கரை: அதுவே 40 கலோரி. மேலே பால், அதன்மேல் டிகாஷன். ஒரு கிளாஸிலேயே ஜெனீவா லாபம் காலி. கூடவே ஒரு மசால் வடை என்றால் நஷ்டக் கணக்குதான். போதாக்குறைக்கு, நம் கடைகளில் கொதிப்பது சி.டி.சி. டஸ்ட் என்ற கறுப்புத் தேயிலைத் தூள், அதில் இலை கறுக்கும்போதே கேட்டச்சின்களில் பெரும்பங்கு வேறு பொருளாக மாறிவிடுகிறது.

இன்னொன்று. கொழுப்பு எரிவது வேறு, இளைப்பது வேறு. காலையில் கொஞ்சம் கூடுதலாக எரிந்த கொழுப்பை, ராத்திரி கூடுதலாகச் சாப்பிடும் இரண்டு பரோட்டா திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடும்.

நம்பிக்கை: அப்படியானால் கிரீன் டீக்கு மாறினால் இளைக்கலாம்.

2012-ல் காக்ரேன் அமைப்பு, உடல் எடை கூடியவர்களிடம் நடந்த கிரீன் டீ ஆய்வுகளை ஒன்றாக அலசியது. ஜப்பானுக்கு வெளியே நடந்தவற்றில் சராசரி எடைக் குறைவு 0.04 கிலோ. அதாவது 40 கிராம்! சர்க்கரை போடாமல் குடித்தால் கலோரி மிச்சம், அந்த வகையில் நல்லதுதான். எலுமிச்சை பிழிந்தால் ருசி கூடும், கொழுப்பு கரையாது. ஆன்லைனில் விற்கும் சாறு மாத்திரைகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். அவற்றின் முக்கியப் பொருளான ஈ.ஜி.சி.ஜி. தினம் 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் கல்லீரலைப் பாதிக்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது.

நம்பிக்கை: நைட் ஷிஃப்டில் டீ இருந்தால் சாப்பாடு வேண்டாம், இளைக்கவும் செய்யும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். டீ தூக்கத்தை மறைக்கும், பசியைக் கொஞ்சம் தள்ளிப்போடும், சத்து தராது. கண்விழித்தால் அதிகம் எரியும் என்பதும் தப்புக்கணக்கு. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் 14 பேரை இரவில் விழித்து, பகலில் தூங்க வைத்தார்கள். இரண்டாம், மூன்றாம் நாள்களில் உடம்பு செலவழித்த சக்தி சுமார் 3 சதவீதம் குறைந்திருந்தது. டீ கூட்டித்தரும் என்று நம்புவதை நைட் ஷிஃப்டே பிடுங்கிக்கொள்கிறது. விடிகாலை 4 மணிக்குக் குடித்த டீயின் கஃபீனில் பாதி, 9 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். ரூமுக்கு வந்து படுத்தால் தூக்கம் வராது. அரைத்தூக்கத்தில் எழுந்தால் பசி கூடும்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. டீயிலுள்ள டானின், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ வேண்டாம் என்று ஐ.சி.எம்.ஆர். 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது. டீயை விட வேண்டியதில்லை. கேன்டீனில் கை கழுவியதும் குடிப்பதை அடுத்த டீ பிரேக்குக்குத் தள்ளிவைத்து, மாஸ்டரிடம் “சர்க்கரை அரை ஸ்பூன்ணே” என்று சொன்னால் போதும்.