சாத்தான் கூட்டத்துக்கு என்ன வேண்டுதல்?

அன்பு மக்ளே,

கேரள-தமிழ்நாட்டு எல்லையில், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டம். கறுப்பு அங்கி போட்ட பதினோரு பேர், கையில் தீப்பந்தம், நடுவில் ஓர் ஆட்டுத்தலை. நீயும் கூட்டாளிகளும் செல்போனில் எடுக்கப்போகிற பேய்ப்படத்தின் கதை இது. அங்கியை எந்தத் துணியில் தைப்பது என்பதுவரை எழுதி அனுப்பியிருக்கிறாய். அந்தப் பதினோரு பேரும் எதற்காக அங்கே கூடுகிறார்கள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

இதே ஓட்டையோடு ஒருவர் முழுநீளப் படமே எடுத்திருக்கிறார். ஹரோல்ட் வாரன், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ ஊர்க்காரர், உர வியாபாரி. பேய்ப்படம் எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று திரைக்கதையாசிரியர் ஸ்டர்லிங் சிலிஃபன்டிடம் பந்தயம் கட்டி இறங்கினார். ஏறத்தாழ 19,000 டாலர் செலவில் 'மானோஸ்: த ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்' தயாரானது. வழி தவறிய ஒரு குடும்பம் ஒற்றை வீட்டில் இரவு தங்குகிறது. அங்கே 'மாஸ்டர்' என்றொரு தலைவன், அவனுக்குப் பல மனைவிகள், டோர்கோ என்ற வேலையாள். எல்லாரும் மானோஸ் என்ற இருட்டுத் தெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள்.

கையில் இருந்ததோ சாவி முறுக்கி ஓட்டுகிற 16 எம்.எம். கேமரா. ஒரு முறுக்குக்கு 32 வினாடிதான் ஓடும். குரல் பதிகிற வசதி கிடையாது. அத்தனை பாத்திரங்களுக்கும் ஒரு சிலர் சேர்ந்து பிறகு குரல் கொடுத்தார்கள். ராத்திரிக் காட்சிகளில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்த விட்டில்கள் நடிகர்களின் முகத்துக்கு முன்னால் பறக்கின்றன. 1966 நவம்பர் 15 அன்று எல் பாசோவின் காப்ரி தியேட்டரில் முதல் காட்சி. பயப்பட வேண்டிய இடத்திலெல்லாம் சனம் சிரித்தது. படத்தில் நடித்த சிறுமி, திரையில் தன் வாயிலிருந்து வேறு யாருடைய குரலோ வருவதைக் கேட்டு அழுதுவிட்டாள்.

விட்டிலையும் கேமராவையும் மன்னித்துவிடலாம், பணமில்லாதவன் பாடு அது. மன்னிக்க முடியாதது வேறு. மானோஸ் அந்தக் கூட்டத்துக்கு என்ன தருகிறது, தராவிட்டால் என்ன நடக்கும் என்பது படம் முடிகிறவரை தெரிவதில்லை. மாஸ்டரின் மனைவிகள் தங்களுக்குள் சண்டை போட்டு மணலில் உருளுகிறார்கள், அவ்வளவுதான். வேண்டுதல் இல்லாத கூட்டத்தைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

1968இல் வந்த 'ரோஸ்மேரீஸ் பேபி'யில் சாத்தானைக் கும்பிடுகிறவர்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா பாட்டி. கர்ப்பிணிக்குச் சத்துப் பானம் கலக்கிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவள் கணவனுக்கு நடிப்பில் வாய்ப்பு வேண்டும். அதற்குத்தான் அவர்களோடு சேருகிறான். 1973இல் ராபின் ஹார்டி இயக்கிய 'த விக்கர் மேன்' இன்னும் பொருத்தமான பாடம். கிறிஸ்டோபர் லீ சம்பளமே வாங்காமல் நடித்துக் கொடுத்த சின்ன பட்ஜெட் படம். முக்கால்வாசி பட்டப்பகல், பாட்டு, கூத்து. அந்தத் தீவில் ஆப்பிள் விளைச்சல் பொய்த்துப்போனது. அடுத்த வருஷம் காய்க்க வேண்டுமானால் பலி வேண்டும். ஊரே சிரித்த முகத்தோடு அதைச் செய்கிறது. அவர்கள் கணக்கில் அது நல்ல காரியம்.

இனி நம்ம ஊருக்கு வா. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் லண்டன் மிஷன் பாதிரிமார் காலூன்றிய தென் திருவிதாங்கூர்ச் சீமை. அவர்களில் ஒருவரான சாமுவேல் மட்டீர் 1871இல் 'த லேண்ட் ஆஃப் சாரிட்டி' என்ற புத்தகம் எழுதினார். மாடனுக்கும் பத்ரகாளிக்கும் இங்குள்ள சனம் செய்த வழிபாட்டை அவர் பிசாசு வழிபாடு என்ற தலைப்பின்கீழ் வைத்தார். கோழி அறுத்துப் படையல் போட்டவர்களுக்கோ அது குடும்பத்துச் சாமி; பிள்ளைக்குக் காய்ச்சல் தணியவும் மாடு பிழைக்கவும் நேர்ந்துகொண்ட இடம். மாடன் கோயிலும் சர்ச்சும் ஒரே சாலையில் இருக்கிற ஊரில் வளர்ந்த உனக்கு ஹாலிவுட் அங்கி எதற்கு? 'தி ஓமன்' படத்தைத் தமிழாக்கி 1991இல் 'ஜென்ம நட்சத்திரம்' வந்தபோதே அந்த இறக்குமதிச் சாத்தானைப் பார்த்தாகிவிட்டது.

வேண்டுதல் எவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்பதற்கு சினிமாவே வேண்டாம். 2022 அக்டோபரில் பத்தனம்திட்டை மாவட்டம் இலந்தூரில் இரண்டு பெண்கள் கொல்லப்பட்டது வெளியே வந்தது. பணக்கஷ்டம் தீர்ந்து ஐசுவரியம் பெருகும் என்று நம்பிச் செய்த நரபலி என்றது போலீஸ். அந்தச் சம்பவத்தைப் படமாக்காதே; அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் கடனுக்கும் பயங்கரத்துக்கும் நடுவில் தூரம் எவ்வளவு குறைவு என்பதைக் குறித்துக்கொள்.

காசில்லாமல் பயமுறுத்த வழி உண்டா என்று கேட்டிருக்கிறாய். ராகுல் சதாசிவனின் 'பூதகாலம்' (2022) பார். ஒரு வீடு, ஒரு அம்மா, ஒரு மகன். பேயா, மனக்கோளாறா என்ற சந்தேகத்தை நெடுநேரம் இழுத்துப் பிடிக்கிறது படம். அம்மாவாக நடித்த ரேவதிக்குக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது கிடைத்தது. பார்த்த பிறகு ஒருமுறை சத்தத்தை மட்டும் கவனித்துக் கேள்.

உன் தோட்டத்தில் என்னென்ன சத்தம் இருக்கிறது? வெயிலில் ரப்பர்க்காய் டப்பென்று வெடிக்கும். விடியுமுன்னே பால் வெட்ட வருகிறவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நகர்வார்கள். முகம் தெரியாது, வெளிச்சம் மட்டும் நிற்கும், குனியும், அடுத்த மரத்துக்குப் போகும். அந்தப் பதினோரு பேரும் பால் வெட்டுகிறவர்களாக இருந்துவிட்டுப் போகட்டுமே. அங்கித் துணிக்கு வைத்த காசில் ஒரு நல்ல மைக் வாடகைக்கு எடு.

அதற்கு முன்னால் பதினோரு பேருக்கும் தலைக்கு ஒரு பக்கம் எழுது: வீட்டில் யார், கடன் எவ்வளவு, என்ன கேட்டு வருகிறான், கிடைக்காவிட்டால் யாரைக் கொடுக்கத் துணிவான். எழுதி அனுப்பு, வாசித்துச் சொல்கிறேன். ஷூட்டிங் ராத்திரியில் என்றால் தோட்டக்காரரிடமும் போலீஸ் ஸ்டேஷனிலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். தீப்பந்தத்தோடு பதினோரு பேரைப் பார்த்தால், அது எல்லை தாண்டி மார்த்தாண்டம் வரை வாட்ஸ்அப்பில் போய்ச் சேர அரைமணி நேரம் ஆகாது.

அன்புடன்,
மாமா