வானவழியின் தூரமும் காலமும்

ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் இடையிலுள்ள தூரம் இயற்கை வகுத்தது. அதனைக் கடக்குங் காலமோ பெரும்பாலும் மாந்தர் வகுப்பது. இவ்வுண்மையைப் பலாலி, சென்னை ஆகிய இரு விமான நிலையங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் தூரத்தை நோக்குவோம். பலாலி வட அகலக்கோடு 9 பாகை 48 கலையில் உள்ளது. சென்னை நிலையம் ஏறத்தாழ 13 பாகையில் உள்ளது. இரண்டும் 80ஆம் நெடுங்கோட்டை அடுத்தே கிடத்தலால், சென்னை பலாலிக்கு நேர் வடக்கு எனக் கொள்ளலாம். வடக்குத் தெற்காகச் செல்லும்போது ஒரு கலை ஒரு கடல் மைலாகும். இவற்றின் வேறுபாடு 3 பாகை 12 கலை, அஃதாவது 192 கலை. எனவே தூரம் 192 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர் ஆதலின், இஃது ஏறத்தாழ 355 கிலோமீற்றராகும்.

இனிக் காலத்தைக் கணிப்போம். ஏ.டி.ஆர். 72 என்னும் விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் செல்லும். வகுத்துப் பார்த்தால் 43 நிமிடம் வருகின்றது. கால அட்டவணையோ ஒன்றேகால் மணித்தியாலமளவு காட்டும். கணக்குப் பிழைத்ததோ என மாணவர் ஐயுறலாம். பிழைக்கவில்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதலும், மெல்ல மேலேறுதலும், இறங்குமுன் வேகந் தணித்தலும் அட்டவணையிற் சேரும். குறுகிய பயணத்தில் இவற்றின் பங்கு பெரிது.

எந்த அட்டவணையிலும் அடங்காத காலமும் ஒன்றுண்டு. 1947 டிசெம்பர் 10இல் எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகவே சென்னை சென்றது. பின்னர்ப் போர் வந்தது. பலாலி வழி அடைபட்டது. சென்னை செல்ல விழைந்த நம்மவர் கட்டுநாயக்காவை நாடவேண்டியவராயினர். அந்நிலையம் 7 பாகை 11 கலையில் உள்ளது. முன்னைய முறைப்படி கணித்தால், தெற்கே 157 கடல் மைல், பின் வடக்கே 349 கடல் மைல், கூட்டினால் 506. நேர்வழியின் இரண்டரை மடங்கினும் இது மிகுதி. தெற்கு நோக்கித் தரைவழியே சென்றோர்க்கு வீதியின் வளைவுகளால் தூரம் இன்னும் கூடிற்று. மருத்துவம் நாடிய முதியோரும் கல்வி நாடிய இளைஞரும் தெற்கே போய், தம் ஊரின் அகலக்கோட்டை மீண்டுங் கடந்தே வடக்கே பறந்தனர்.

2019 நவம்பர் 11இல் பலாலிக்குச் சென்னையிலிருந்து மீண்டும் விமானம் வந்தது. 2020 மார்ச்சிற் கொள்ளைநோயால் அச்சேவை நின்று, 2022 டிசெம்பர் 12இல் மறுபடியுந் தொடங்கிற்று. இத்தனை ஆண்டுகளிலும் அந்த 192 கலையில் ஒரு கலைதானும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

மாணவர்காள்! தூரத்தைக் கணிக்கப் புவிப்படமும் சிறிது எண்கணிதமும் போதும். பயணக் காலத்தை உணர வரலாற்றையும் உடன் கற்றல் வேண்டும். விழாக் காண வானவழி வந்திறங்கும் பழைய மாணவர் இதனை நம்மினும் நன்கறிவர்; அவர்பாற் கேட்டறிமின்.