காலண்டர் தாளில் கம்ப்யூட்டர் தியரி

பாரிவாக்கத்தில் மாலை நேரத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். பூந்தமல்லியிலிருந்தும் கண்ணபாளையத்திலிருந்தும் வருகிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு, மெட்ரிக் பிள்ளைகளும் உண்டு. புதிதாகச் சேருகிறவர்கள் அநேகமாக ஒரே புகாரோடுதான் வருவார்கள். “பிராக்டிகல் பிரச்சினை இல்ல மிஸ், தியரிதான் மண்டையில ஏற மாட்டேங்குது.” சிலர் கொஞ்சம் தயங்கி, “வீட்ல கம்ப்யூட்டர் இல்ல மிஸ்” என்றும் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் என்னிடம் ஒரே மருந்துதான் இருக்கிறது. பென்சிலை எடு, கையால் செய்து பார்.

2019-க்கு முன்பு பிளஸ் டூ படித்தவர்களுக்கு ஸ்டார் ஆபீஸ் நினைவிருக்கும். எந்த மெனுவைத் திறந்து எந்தக் கட்டளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக உருப்போட்டார்கள். அந்த மென்பொருளை ஆரக்கிள் நிறுவனம் 2011-லேயே கைவிட்டுவிட்டது. அதன் பிறகும் பல ஆண்டுகள் நம் பிள்ளைகள் அந்த மெனுக்களை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். 2018-இல் பிளஸ் ஒன் புத்தகமும், 2019-இல் பிளஸ் டூ புத்தகமும் மாறி, பைத்தானும் நெறிமுறைகளும் வந்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. மென்பொருள் வரும், போகும். எண்களை வரிசைப்படுத்தும் முறையும், ஒரு எழுத்து கணினிக்குள் எப்படி எண்ணாகிறது என்பதும் அவ்வளவு சுலபத்தில் மாறாது. புத்தகம் மாறியும் படிக்கும் விதம் மாறாததுதான் வருத்தம். குமிழி வரிசையாக்கத்தைக்கூட நிறையப் பேர் பத்தியாக மனப்பாடம் செய்கிறார்கள்.

அந்தப் பாடத்துக்கு நான் பயன்படுத்துவது கிழித்துப்போட்ட தினக்காலண்டர் தாள்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். ஐந்து தாளில் 42, 17, 35, 8, 29 என்று எழுதித் தரையில் வரிசையாக வைக்கச் சொல்வேன். பக்கத்துப் பக்கத்து இரண்டு தாளைத்தான் ஒப்பிடலாம். இடப்பக்கம் பெரிதாக இருந்தால் இடம் மாற்றலாம். 42-ம் 17-ம் மாறும், பிறகு 42-ம் 35-ம், பிறகு 42-ம் 8-ம், கடைசியில் 42-ம் 29-ம். முதல் சுற்று முடிந்ததும் தரையில் 17, 35, 8, 29, 42 என்று கிடக்கும். பெரிய எண் தானாகக் கடைசிக்குப் போய்விட்டதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள். அப்படியானால் அடுத்த சுற்றில் கடைசித் தாளைத் தொட வேண்டியதில்லை என்பதையும் அவர்களே சொல்வார்கள். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று மொத்தம் 10 ஒப்பீடு. பத்துத் தாளாக இருந்தால் 45. நூறாக இருந்தால் 4,950. எண்ணிக்கை இரட்டித்தால் வேலை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. புத்தகத்தில் ‘என் ஸ்கொயர்’ என்று போட்டிருப்பது இதைத்தான். இதைக் கையால் செய்த பிள்ளை தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வந்தால் திணறுவதில்லை. எண்களை மாற்றிக் கேட்டாலும் எழுதிவிடும்.

பிளஸ் ஒன்னில் எண் முறைகள் பாடத்துக்கும் இப்படி ஒரு வழி வைத்திருக்கிறேன். ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்து பைனரிக்கு மாற்று என்றால் பிள்ளைகளுக்கு ஆர்வமே வராது. நான் ‘அ’ என்ற எழுத்தைக் கொடுப்பேன். யூனிகோடில் அதன் எண் 2949. இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் 101110000101 வரும். வலப்பக்கமிருந்து நான்கு நான்காகப் பிரித்தால் 1011, 1000, 0101. அதாவது 11, 8, 5. ஹெக்ஸாடெசிமலில் 11-க்கு ‘பி’ என்று எழுதினால் முடிந்தது. அடுத்து ‘க’வின் எண் 2965. ‘அ’வுக்கும் அதற்கும் 16 வித்தியாசம். ஹெக்ஸாடெசிமலில் நடுவில் உள்ள 8 மட்டும் 9 ஆகிறது. ஏன் என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன். இடமதிப்பு என்றால் என்ன என்பது அந்த நேரத்தில்தான் பல பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது.

அதே பிள்ளைகள் பிளஸ் டூவில் சரங்கள் பாடத்துக்கு வரும்போது, ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை பைத்தானில் லென் செயற்கூறு எவ்வளவு என்று காட்டும் எனக் கேட்பேன். எல்லோரும் மூன்று என்பார்கள். வருவது ஐந்து. ம-வுக்குப் பக்கத்திலுள்ள இகரக் குறியும் ழ-வின் மேலுள்ள புள்ளியும் யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள். பிளஸ் ஒன் புத்தகத்தின் கடைசிப் பாடமே கணினியில் தமிழ் பற்றியதுதான். “அதுல என்ன இருக்கு மிஸ், கதை மாதிரி இருக்கு” என்று தாண்டிப் போகிறார்கள். தாண்டாதீர்கள். உங்கள் கைப்பேசியில் தமிழ் ஓடுவதற்குப் பின்னால் எத்தனையோ பேரின் உழைப்பு இருக்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையில்தான் நான் இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

விவரக்குறிப்பு பாடத்தில் வரும் முன்நிபந்தனை, பின்நிபந்தனை இரண்டும் வறட்டு வரையறைகளாகத் தோன்றும். பூந்தமல்லி பக்கத்துப் பிள்ளைகளுக்கு உதாரணம் தலைக்கு மேலேயே கிடைக்கிறது. பூந்தமல்லித் தடத்து மெட்ரோ ரயில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. கதவைத் திறக்கும் வேலைக்கு முன்நிபந்தனை எழுதுங்கள் என்பேன். ரயில் முழுவதும் நின்றிருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்வார். நடைமேடை இருக்கும் பக்கத்துக் கதவாக இருக்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்வார். ஒன்றை மறந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வைத்துவிட்டால் அந்த வரையறையை யாரும் மறப்பதில்லை.

பிளஸ் டூவில் வரையெல்லைக்கு எல்இஜிபி விதி. “குமார்!” என்று வீட்டுக்குள் கூப்பிட்டால் முதலில் அந்த வீட்டுக் குமார்தான் திரும்பிப் பார்ப்பான், வீட்டில் அப்படி யாரும் இல்லையென்றால்தான் தெருவில் தேடுவோம். பைத்தானும் ஒரு மாறியின் பெயரை உள்ளே தொடங்கித்தான் வெளியே தேடுகிறது. தரவுத்தளத்தில் முதன்மைத் திறவுகோலுக்கு எமிஸ் எண்ணைச் சொன்னாலே போதும், ஒரே பெயரில் வகுப்பில் மூன்று பேர் இருந்தாலும் அந்த எண் மூன்று பேருக்கும் வேறு வேறுதானே.

பெற்றோர் அடிக்கடி கேட்பது, “லேப்டாப் வாங்கித் தரணுமா மேடம்?” கட்டாயம் இல்லை. பள்ளியில் ஆய்வக நேரத்தை வீணாக்காமல் இருந்தாலே பெரும்பகுதி நடந்துவிடும். வீட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பைடிராய்டு போன்ற செயலியைப் போட்டு அரைமணி நேரம் கொடுங்கள். ஆனால் நிரலை ஓட விடுவதற்கு முன்பு விடை என்ன வரும் என்று பிள்ளை நோட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதியதும் திரையில் வந்ததும் வேறாக இருந்தால், அந்த வேறுபாட்டைத் தேடுவதுதான் அன்றைய படிப்பு.

தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். 15 ஒரு மதிப்பெண் கேள்வி; இரண்டு மதிப்பெண்ணிலும் மூன்று மதிப்பெண்ணிலும் ஒன்பதில் ஆறு; ஐந்து மதிப்பெண்ணில் அது அல்லது இது என்று ஐந்து. 24-வது, 33-வது கேள்விகள் கட்டாயம். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை மட்டும் நம்பிப் போகிறவர்கள் தடுமாறுவது இந்த இரண்டிலும்தான். பாடத்தின் உள்ளே பெட்டிக்குள் இருக்கும் குறிப்பு, சின்னச் சின்ன நிரல் எல்லாவற்றையும் ஒருமுறையாவது கையால் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

பைத்தான் நிரலைத் தாளில் எழுதும்போது உள்தள்ளல் முக்கியம். இஃப், ஃபார் வரிகளுக்குக் கீழே எவ்வளவு தள்ளி எழுதத் தொடங்கினீர்களோ அதே அளவு கடைசி வரை வர வேண்டும். ஒரு வரி இடப்பக்கம் நகர்ந்துவிட்டால் அது சுழற்சிக்கு வெளியே போய்விடும், விடையும் மாறிவிடும். பக்கத்தின் அடியில் நிரலைத் தொடங்கி அடுத்த பக்கத்தில் தொடரும்போதுதான் பெரும்பாலும் இந்தத் தவறு வருகிறது. மீதி இடம் போனால் போகட்டும், நிரலைப் புதுப் பக்கத்தில் தொடங்குங்கள். ட்ரூ, ஃபால்ஸ், நன் மூன்றுக்கும் முதல் எழுத்து பெரியது. இஃப், ஃபார் வரிகளின் முடிவில் முக்காற்புள்ளி வைத்திருக்கிறோமா என்று பாருங்கள். வினாத்தாளை வாசிக்கக் கொடுக்கும் முதல் 10 நிமிடத்தில் 24-ஐயும் 33-ஐயும் தேடிப் படித்துவிடுங்கள். மற்ற கேள்விகளை வாசிக்கும்போதே அவற்றுக்கான விடை மனதுக்குள் ஓடத் தொடங்கிவிடும்.