திரையைக் கேட்போர்

திருவேற்காட்டை அடுத்த பூவிருந்தவல்லியில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு மேல்நிலைப்பள்ளி உள்ளது. பார்வையற்ற மாணவர் கணினித் திரையைக் காதால் படிக்கிறார். திரைபடிப்பான் என்னும் மென்பொருள் எழுத்தை ஒலியாக்குகிறது. ஆனால், விண்ணப்பப் படிவம் ஒளிப்படமாக ஏற்றப்பட்டிருந்தால் அது வாயடைத்துப் போகும். ஒருங்குறியில் அமையாத பழைய தமிழ் எழுத்துருவாயின், பொருளற்ற ஒலிகளே கேட்கும். பெயரிடப்படாத பொத்தான் வெறுமனே 'பொத்தான்' என்றே ஒலிக்கும். அது அனுப்புவதா, அழிப்பதா? விண்ணப்பிக்கும் கடைசி நாளன்று இக்குழப்பம் சிறிதன்று.

இத்தகைய தடைகளைக் கண்டறிந்து களைவதே எண்ணிம அணுகல் பணி. மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும் வடிவில் அமைய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஆகவே, இணையதளங்களைச் சோதித்து அறிக்கை அளிப்போரின் தேவை எழுந்துள்ளது. இத்தொழிலைத் தொடங்குவோர் வலை உள்ளடக்க அணுகல் நெறிகளையும் நிரலாக்க அடிப்படையையும் கற்றல் வேண்டும். மற்றொரு தகுதி, திரைபடிப்பானை அன்றாடம் கையாண்ட பழக்கம். அதனைப் பார்வையுள்ளவர் முயன்று பெறவேண்டும். பார்வையற்றவரிடம் அது முன்னரே இருக்கிறது. 2006இல் ஆஸ்திரேலியாவில் என்.வி.டி.ஏ. என்னும் கட்டணமில்லாத் திரைபடிப்பானை உருவாக்கத் தொடங்கிய மைக்கேல் கரனும், அவருடன் இணைந்த ஜேம்ஸ் டேயும் பார்வையற்றவர்களே. அம்மென்பொருள் இன்று தமிழையும் படிக்கிறது.