கடைசிக் காவலனின் விலை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரி ஆட்டக்காரர்களைப் பரிசீலித்து அணி நிர்வாகத்துக்கு அறிக்கை எழுதும் உத்தியோகத்தில் அமர்ந்த முதல் வருஷத்திலேயே, அத்தொழிலில் தலை நரைத்தவர்களையும் இரு கட்சியாகப் பிரித்து வைத்திருக்கும் கேள்வி உன் மேஜைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கல்லூரி ஆட்டத்தில் தனக்கு நிகரில்லை என்று பெயர் வாங்கிய ஒரு சேஃப்டியை, அதாவது பின்வரிசையின் கடைசிக் காவலனை, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் அமெரிக்கக் கால்பந்தின் டிராஃப்டில் முதல் பத்துப் பதினைந்து இடங்களுக்குள்ளேயே எடுத்துவிடலாமா என்பதுதான் அது. உன் மேலதிகாரி கூடாது என்கிறார். நீ பார்த்த ஆட்டப் படங்களோ எடு எடு என்கின்றன. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எடுக்கலாம். ஆனால் அபூர்வமானவனை மட்டுமே எடுக்கலாம்; அதையும் அவனை உபயோகிக்கத் தெரிந்த அணிதான் செய்யலாம்.

மேலதிகாரியின் கட்சியை அலட்சியம் செய்துவிடாதே. 2011-ஆம் ஆண்டில் லீகும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, புதிதாக வருகிறவனுடைய சம்பளம் அவன் எத்தனையாவதாக எடுக்கப்பட்டான் என்பதைப் பொறுத்தே நிர்ணயமாகிறதேயன்றி, களத்தில் அவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்தல்ல. ஆகவே ஐந்தாவது இடத்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கை எடுத்தாலும், ஓரத்திலிருந்து பாய்ந்து எதிரணிக் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துகிறவனை எடுத்தாலும், சேஃப்டியை எடுத்தாலும், முதல் நான்கு வருஷங்களுக்கு அணி கொடுக்கும் பணம் ஏறத்தாழ ஒன்றேதான். அதன் பிறகு வரும் சந்தை விலையோ அப்படியல்ல. 2025 ஆகஸ்டில் பால்டிமோர் அணியின் கைல் ஹாமில்டன் சேஃப்டிகளிலேயே மிக உயர்ந்த சம்பளக்காரனானபோது நான்கு வருஷத்துக்கு அவனுக்குக் கிடைத்தது 10 கோடியே 4 லட்சம் டாலர். அதே மாதத்தில் கிரீன் பே அணி ஓரப் பாய்ச்சல்காரனான மைக்கா பார்சன்ஸுக்கு அதே நான்கு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தது 18 கோடியே 80 லட்சம். விலையுயர்ந்த சரக்கை மலிவாக வாங்க வருஷத்துக்கு ஒரே ஒரு சந்தர்ப்பம் வாய்க்கிறபோது, அதை மலிவான சரக்குக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று அவர் கேட்டால், கணக்கில் பிழை சொல்ல நமக்கு வாயில்லை.

இரண்டாவது வாதமும் அவரிடம் இருக்கும். நல்ல சேஃப்டிகள் பின்னாலும் கிடைக்கிறார்கள். பட்டா பேக்கர் 36-ஆவது, ஆன்டொயின் வின்ஃபீல்ட் ஜூனியர் 45-ஆவது, ஜெஸ்ஸி பேட்ஸ் 54-ஆவது, ஜஸ்டின் சிம்மன்ஸ் 98-ஆவது. 2020, 2021, 2023, 2024 ஆகிய நான்கு வருஷங்களிலும் முதல் சுற்றில் ஒரு சேஃப்டியைக்கூட எந்த அணியும் தொடவில்லை. முப்பத்திரண்டு அணிகளின் அனுபவஸ்தர்கள் கூடி எடுத்த இந்த முடிவை மடமை என்று தள்ளிவிட முடியாது.

இத்தனைக்கும் பிறகு நான் ஏன் உன் பக்கம் நிற்கிறேன் என்று கேட்பாய். 2010-ஆம் ஆண்டின் டிராஃப்டை எடுத்துப் பார். நம் வழக்குக்கு வேண்டிய சாட்சிகள் அனைவரும் அந்த ஒரே வருஷத்தில் நிற்கிறார்கள். டென்னஸி பல்கலைக்கழகத்தின் எரிக் பெர்ரி ஐந்தாவதாகக் கான்சாஸ் சிட்டிக்குப் போனான். டெக்ஸாஸின் எர்ல் தாமஸ் பதினான்காவதாக சியாட்டிலுக்குப் போனான். வர்ஜீனியா டெக்கின் கேம் சான்ஸலர் ஐந்தாம் சுற்றில், 133-ஆவது ஆளாக, அதே சியாட்டிலுக்கே போனான். மூவரும் மெய்யான ஆட்டக்காரர்கள். ஆனால் பெர்ரி ஒரு வாரமும் தவறாமல் ஆடிய 2012-இல் கான்சாஸ் சிட்டி பதினாறு ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்றது. அவர்களிடம் குவார்ட்டர்பேக் இல்லை, குவார்ட்டர்பேக் இல்லாத வீட்டில் கடைசிக் காவலன் எத்தனை கெட்டிக்காரனாயிருந்தும் பிரயோஜனமில்லை. சியாட்டிலோ 2012 முதல் 2015 வரை தொடர்ந்து நான்கு வருஷங்கள் லீகிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. 2014 பிப்ரவரியில் டென்வரை 43-8 என்று தோற்கடித்து சூப்பர் பௌலையும் வென்றது.

சான்ஸலர் 133-ஆவது இடத்தில் கிடைத்தான் என்பதை மேலதிகாரி தம் கட்சிக்குச் சாட்சியாக அழைப்பார். அழைக்கட்டும். பின்வரிசையின் நடுவே தன்னந்தனியாக ஒருவனை நிறுத்தி, மற்றவர்களையெல்லாம் முன்னே தள்ளி ஆடுகிற முறை அப்போது சியாட்டிலின் பயிற்சியாளராயிருந்த பீட் கேரலுடையது. அந்த ஒருவன் தாமஸ். நூற்று அறுபது அடி அகலமுள்ள களத்தின் இரு ஓரங்களையும் அவன் ஒருவனே எட்டிவிடுவான் என்ற தைரியத்தினால்தான் ஓரங்களைக் காக்கும் கார்னர்பேக்குகள் தங்கள் ஆளை ஒட்டி நின்று மல்லுக்கட்ட முடிந்தது, சான்ஸலர் முன்வரிசைக்கு இறங்கி வந்து மோத முடிந்தது. 2016 டிசம்பரில், பந்துக்குப் பாய்ந்த தாமஸ் சான்ஸலரின் மேலேயே மோதிக் கால் முறிந்து விழுந்தான். அடுத்த வாரமே கிரீன் பே சியாட்டிலை 38-10 என்று வீழ்த்தியது. அன்று சியாட்டிலின் சொந்தக் குவார்ட்டர்பேக்கே ஐந்து பந்துகளை எதிரிக்குத் தானம் செய்தான் என்பதையும் சொல்லிவிடுவதுதான் தர்மம். பழி முழுவதையும் தாமஸ் இல்லாத வெற்றிடத்தின் மேல் சுமத்த மாட்டேன்.

ஆகவே கேள்வியை நீ கேட்க வேண்டிய விதம் வேறு. சேஃப்டி என்னும் ஸ்தானத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டால் உன் மேலதிகாரி சொல்வதே விடை. இந்த ஒருவன் இருப்பதனால் மற்றப் பத்துப் பேரில் எத்தனை பேர் தங்கள் சக்திக்கு மேல் ஆட முடிகிறது என்று கேட்டால், விடை ஆளுக்கு ஆள் மாறும்.

அதைக் கண்டுபிடிப்பதற்கு ஓட்டக் கடிகாரம் உதவாது. நோட்ரடாமின் ஹாமில்டன் 2022 கம்பைன் சோதனையில் நாற்பது கெஜத்தை 4.59 விநாடியில் ஓடினான். பின்னர் கல்லூரி மைதானத்தில் நடந்த சோதனையில் இன்னும் மெதுவாக ஓடினான் என்று செய்தி பரவியது. முதல் ஐந்துக்குள் போவான் என்று பேசப்பட்டவன் பதினான்காவது இடம் வரை சரிந்தான். அவனே முந்திய செப்டம்பரில் ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராகக் களத்தின் மறுபாதியிலிருந்து ஓடி வந்து எல்லைக்கோட்டருகே பந்தைப் பறித்ததை இந்தத் தொழிலில் இருந்த எல்லோரும் பார்த்திருந்தார்கள். பந்து எங்கே போகும் என்பதை எறிகிறவனின் தோளிலிருந்தே படித்துப் பிறரைவிட அரை விநாடி முன்னதாகப் புறப்படுகிறவனுக்கு, பத்தில் ஒரு பங்கு விநாடி மந்தமான கால் ஒரு குறையா? கடிகாரம் அவன் புறப்பட்ட பிறகே ஓட ஆரம்பிக்கிறது. பால்டிமோர் அந்த வருஷம் மார்கஸ் வில்லியம்ஸ் என்னும் சேஃப்டியைப் பெருந்தொகைக்கு வாங்கி வைத்திருந்தும் ஹாமில்டனைத் தயங்காமல் எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷமே அவன் லீகின் மிகச் சிறந்த சேஃப்டிகளில் ஒருவனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான்.

நீ படம் பார்க்கும்போது தொலைக்காட்சிப் படத்தை நம்பாதே. அதன் சட்டத்துக்குள் பெரும்பாலும் சேஃப்டி இருப்பதே இல்லை. பந்து அவனை நோக்கி வரும்போது மட்டும் திடீரென்று தோன்றுகிறான். இருபத்திரண்டு பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து பிடித்த ஆல்-22 படத்தைக் கேட்டு வாங்கு. அதிலும் அவன் பந்தைப் பறித்த கட்டங்களைக் கடைசியில் பார்; குவார்ட்டர்பேக் ஒரு பக்கம் எறிய நினைத்து, அங்கே இவன் நிற்பதைக் கண்டு கையை அடக்கிக்கொண்ட கட்டங்களை முதலில் பார். எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத அந்தத் தருணங்களே அவனுடைய உண்மையான சம்பாத்தியம். இன்னொரு சூட்சுமத்தையும் மறக்காதே. கல்லூரிக் களத்தில் ஆட்டம் தொடங்குமிடத்தைக் குறிக்கும் இரு ஹாஷ் கோடுகளுக்கும் இடையே 40 அடி தூரம். தொழில்முறைக் களத்தில் அது பதினெட்டரை அடியே. கல்லூரியில் பந்து ஓரமாக இருப்பதால் ஒரு பக்கம் விசாலமாகவும் மறு பக்கம் குறுகலாகவும் ஆகிறது. விசாலமான பக்கத்தை மட்டும் காத்துப் பழகியவன், பந்து நடுவிலிருந்து புறப்பட்டு இரு பக்கமும் சமமாகத் திறந்து கிடக்கும் களத்தில் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் திகைப்பதுண்டு. உன் ஆள் அகலப் பக்கத்தில் செய்ததையும் குறுகிய பக்கத்தில் செய்ததையும் தனித்தனியாக எழுதி வை.

எச்சரிக்கைக்கு ஒரு பெயர்: ஜமால் ஆடம்ஸ். 2017-இல் நியூயார்க் ஜெட்ஸ் ஆறாவதாக எடுத்த அவனை, 2020-இல் சியாட்டில் இரண்டு முதல்சுற்று வாய்ப்புகளை வாரிக் கொடுத்து வாங்கியது. அந்த வருஷம் ஒன்பதரை முறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்தி, பின்வரிசை ஆட்டக்காரர்களில் யாரும் அதுவரை செய்யாத சாதனை செய்தான், மறு வருஷம் ஒரு முறைகூட இல்லை, பிறகு காயங்கள், 2024-இல் அனுப்பிவிட்டார்கள். அவன் வீரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. முன்னே பாய்ந்து மோதுவதே ஒருவனுடைய பிரதான வித்தையென்றால், அந்த வேலைக்கு லைன்பேக்கர்கள் இதைவிட மலிவாகக் கிடைக்கிறார்கள். முதல் சுற்றின் விலை ஆழத்தைக் காக்கிறவனுக்கே உரியது. ஜெட்ஸ் அந்த வியாபாரத்தில் பெற்ற வாய்ப்புகளில் ஒன்றைக் கொண்டுதான் பந்து பிடிப்பதில் கெட்டிக்காரனான காரெட் வில்சனை எடுத்தது.

இனி உன் அறிக்கை. முதல் ஐந்து இடங்களுக்குள் உன் அணி இருந்து, குவார்ட்டர்பேக்கும் அவனைக் காக்கும் டாக்கிளும் இன்னும் அமையாமல் இருந்தால், மேலதிகாரியோடு வாதாடாதே. அவர் சொல்வதே சரி. அவை அமைந்திருந்து, உங்கள் தற்காப்புப் பயிற்சியாளர் இவனை நடுவில் ஒரு வாரமும் ஓரத்தில் ஒரு வாரமும் நிறுத்தி எதிரியைக் குழப்பத் தெரிந்தவராயிருந்தால், பத்தாவது இடத்திலும் இவனை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடு. அதற்கு முன்னால் பயிற்சியாளரிடம் நேரில் போய், இந்த ஆளைக் கொடுத்தால் எங்கே நிறுத்துவீர்கள் என்று கேள். அவர் உடனே விடை சொல்லாமல் யோசித்தால், இரண்டாம் சுற்று வரை பொறுத்திருக்கச் சொல்லி எழுதிவிடு. அவர் சொன்னதை எனக்கும் எழுது.

உன் நலம் நாடும்,
அண்ணன்