கூப்பன் குறியீட்டைப் பிறருக்குக் கொடுக்கலாமா?



ஆடி மாதம் பிறந்துவிட்டால் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமிராது. ஆடித் தள்ளுபடி ஊரறிந்த சலுகை. கடைக்காரர் வாசலிலேயே பலகை எழுதித் தொங்கவிடுகிறார். அதைக் கண்டவர் பத்துப் பேருக்குச் சொல்லவேண்டும் என்பதே அவர் விருப்பம். அதைப் பரப்புவதில் குற்றம் ஏதும் இல்லை. ஆனால் இணையவழி வாணிபம் பெருகிய இந்நாளில் மற்றொரு முறையும் வழக்கத்திற்கு வந்துள்ளது. எழுத்துக்களும் எண்களும் கலந்த ஒரு குறியீட்டைக் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் அளித்து, 'இதனைப் பிறருக்குத் தரலாகாது' என்று நிபந்தனை விதிக்கிறார்கள். மக்கள் இதனைக் கூப்பன் கோடு என்கின்றனர். நிபந்தனையை மீறி அதனைப் பகிர்ந்துகொள்ளுதல் முறையாகுமா என்பதே இம்மாதப் பாடம்.

இக்கேள்வி என் குடும்பத்திலேயே எழுந்தது. அடையாற்றில் வசிக்கும் என் தமக்கையின் மகனுடன் படித்த பெண் ஒருத்தி ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். ஊழியருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் மட்டும் என்று கடை அவளுக்கு ஒரு குறியீடு கொடுத்திருந்தது. 'அம்மாவுக்கு ஒரு புடவை வாங்கிக்கொள்' என்று அவள் அதை இவனுக்குச் சொன்னாள். இவனோ நல்ல மனத்துடன், தன் அடுக்ககத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டுவிட்டான். அங்கிருந்து அது எங்கெங்கோ சென்றது. இரண்டே நாட்களில் முன்பின் அறியாதவர்கள் எல்லாம் அந்தப் பெண்ணின் பெயரில் துணி வாங்கியிருந்தனர். கடை அவளிடம் எழுத்து மூலமாக விளக்கம் கேட்டது. 'கடைக்கு வியாபாரம்தானே நடந்தது, மாமா? யாருக்கு நஷ்டம்?' என்று அவன் என்னைக் கேட்டான்.

கூட்டுறவாளர் ஒருவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் அவன் கடைசியில் கேட்டான். தள்ளுபடி வானத்திலிருந்து விழுவதில்லை. அதனை யாரோ ஒருவர் தாங்குகிறார். நெசவாளராகிய நமக்கு இது புதிய செய்தியன்று. 1953ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றி, ஆலைத் துணிக்குக் கஜத்திற்கு 3 பை, அதாவது காலணா, கூடுதல் தீர்வை விதித்தது. அத்தொகை கதர், கைத்தறித் தொழில்களின் வளர்ச்சிக்கென ஒதுக்கப்பட்டது; கைத்தறித் துணிக்கு அளித்த கழிவும் அதிலிருந்தே வந்தது. ஆகவே அந்நாளில் கைத்தறிச் சேலைக்குக் கிடைத்த கழிவை, ஆலை வேட்டி வாங்கிய யாரோ ஒரு கூலியாள் காலணா காலணாவாகக் கொடுத்திருந்தார் என்பதே உண்மை. இன்றைக்கும் நம் சங்கங்கள் கழிவுத் தொகையை முதலில் தம் கைப்பணத்திலிருந்து விட்டுக்கொடுத்து, பின்னரே அரசிடம் கேட்டுப் பெறுகின்றன. அப்பணம் வந்து சேரும்வரை நூல் வாங்கும் முதல் குறைந்துபோவதைத் தணிக்கைக்குச் செல்லுமிடமெல்லாம் காண்கிறேன். உடுத்துவோருக்கென வைத்த கழிவை ஒரு வியாபாரி பல பெயர்களில் பட்டியல் போட்டு வாங்கிக்கொண்டால், அவர் எடுத்துச் செல்வது தறிக்காரரின் நூலை!

எனினும், ஒருவர் எண்ணை மற்றவர் பயன்படுத்துவது எக்காலும் தீது என்று கொள்ளலாகாது. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் தொடங்கிய சங்கத்தை நினைவுகூர்வோம். உபரி இலாபத்தை அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்குத் தக்கவாறு பிரித்தளிப்பது அவர்கள் முறை. அவ்வழியைப் பின்பற்றியே 1904இல் நமது திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது. அத்தகைய சங்கத்தில் ஓர் அங்கத்தினர் தம் எண்ணைச் சொல்லிப் பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்துச் சர்க்கரை வாங்கினால், அந்தக் கொள்முதலே உபரியைப் பெருக்குகிறது. பிறர் பங்கிலிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை. ஊழியர் குறியீட்டின் தன்மையோ வேறு. அது ஊதியத்தின் ஒரு பகுதி போன்றது. அதற்கு அளவு உண்டு. வேண்டாதவர் எல்லாம் அதைப் பயன்படுத்தினால், அடுத்த ஆண்டு அச்சலுகையையே நிறுத்திவிடுவார்கள். நஷ்டம் மற்ற ஊழியர் தலையில் விழும்.

விவசாயிகளாகிய அங்கத்தினருக்கு இதைவிட அண்மையான உதாரணம் ஒன்று உண்டு. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில், விளைவித்தவரே விற்கவேண்டும் என்பதற்காக அடையாள அட்டை வழங்கினார்கள். உழவர் ஒருவர் இரக்கப்பட்டோ, சிறு தொகைக்கோ தம் அட்டையை ஒரு வியாபாரியிடம் கொடுத்தால் என்ன ஆகும்? மற்றோர் உழவர் உட்காரவேண்டிய இடத்தில் வியாபாரி உட்காருவார். அட்டையைக் கொடுத்தவர், 'என் அட்டைதானே, என் விருப்பம்' எனலாம். அட்டை அவருடையது, இடம் அவருடையதன்று.

நிற்க. வணிகர் எழுதிவைக்கும் நிபந்தனைகள் யாவும் வேதவாக்கு அல்ல. மின்னணு முறையில் செய்த ஒப்பந்தம் அக்காரணத்தினாலேயே செல்லாததாகிவிடாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது. ஆனால் நுகர்வோருக்குப் பெரிதும் பாதகமான நேர்மையற்ற ஒப்பந்தத்தைக் குறித்து மாநில ஆணையத்தில் முறையிடவும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆங்கிலத்தில், எறும்பு போன்ற எழுத்தில், இருபது பக்கத்திற்கு நிபந்தனை எழுதிவிட்டு, 'நீ ஒப்புக்கொண்டாயே' என்று கேட்பவரிடம் எனக்கும் அனுதாபம் இல்லை. தமிழகக் கடைகளில் நாள் முழுதும் நின்று விற்போருக்கு உட்கார ஓர் இருக்கை தருவதற்கே 2021இல் சட்டம் திருத்தவேண்டியிருந்தது என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆயினும் கடைக்காரரின் குறையைக் காட்டி அவரைத் தண்டிக்கப் புறப்படும் அயலார், உண்மையில் தண்டிப்பது குறியீட்டிற்கு உரிய அந்தப் பெண்ணையே. பொருள் மலிவாய்க் கிடைப்பது அவர்களுக்கு. விளக்கம் எழுதுவது அவள்.

நமது சங்கங்களும் இப்போது இணையத்தில் விற்கத் தொடங்கியுள்ளன. குறியீடு வழங்க முற்படும் நிர்வாகக் குழுவினர், அது யாருக்கு, எத்தனை முறைக்கு, எந்நாள் வரை என்பதைத் தமிழில் இரண்டே வரியில் எழுதுவாராக. எல்லோருக்கும் உரியதாயின், 'தாராளமாகப் பிறருக்கும் சொல்லுங்கள்' என்றே எழுதிவிடலாம். ஒருவருக்கு மட்டும் உரியதாயின், ஒரு முறை பயன்பட்டதும் காலாவதியாகும்படி அமைத்தல் நன்று. பூட்டில்லாத பெட்டியை நடுத்தெருவில் வைத்துவிட்டு அங்கத்தினரின் நாணயத்தைச் சோதிப்பது நிர்வாகம் ஆகாது.

என் தமக்கை மகன் குழுவிலிருந்து அந்தச் செய்தியை நீக்கினான். அதற்குள் பலர் வாங்கிவிட்டிருந்தனர். அவர்களில் தெரிந்தவர்களிடம் சென்று, கழிந்த தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டான். மூவர் கொடுத்தனர். மறுநாள் அந்தப் பணத்துடன் தானே கடைக்குச் சென்று, பிழை தன்னுடையது என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தான். மேலாளர் கடிதத்தைப் பெற்றுக்கொண்டார். பணத்தை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று தெரியவில்லை எனக் கூறித் திருப்பிவிட்டார். அந்தப் பெண் வேலையில் இருக்கிறாள். அவளுடைய குறியீட்டை மட்டும் ரத்து செய்துவிட்டார்கள்.