பழைய புல்லட்டும் நமது இயற்பியலும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர் ஒருவர்)

வண்டி பழுதுபட்டால் உடனே மெக்கானிக்கைத் தேடி ஓடுவது நம்மில் பலருக்கும் வழக்கம். ஆனால் நாம் வகுப்பறையில் கற்கும் பாடங்களுள் இரண்டு மூன்றை நன்கு உணர்ந்திருந்தால், வழியில் நின்றுபோன பழைய மோட்டார் சைக்கிளைப் பெரும்பாலும் நாமே ஓடவைக்கலாம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டாக 350 சி.சி. புல்லட்டைக் கொள்வோம். 1955ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் உருவாக்கி வந்த வண்டி இது. என் தந்தையார் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று விற்பது 1980களில் செய்யப்பட்ட இத்தகைய வண்டியில்தான். நாற்பதாண்டு உழைத்த இரும்பு தேயாமல் என்ன செய்யும்? அது ஒருநாள் நின்றால் எங்கள் வீட்டில் அன்றைய வருவாயும் நிற்கும். என் கல்லூரிக் கட்டணமும் அவ்வண்டியில்தான் வருகிறது.

மூன்று தேவைகள்

புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் நகரும் தூரம் 90 மி.மீ. கணக்கிட்டால் கொள்ளளவு 346 கன செ.மீ. வரும். 1876இல் ஜெர்மனியின் ஓட்டோ வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய நான்கு ஸ்ட்ரோக் முறையே இதற்கும் அடிப்படை. இது இயங்க மூன்று வேண்டும்: தக்க தருணத்தில் தீப்பொறி, கசியாத அழுத்தம், சரியான அளவில் கலந்த காற்றும் பெட்ரோலும். வண்டி ‘பிடிக்க’வில்லையெனில் இம்மூன்றில் ஏதோ ஒன்று குறைகிறது என்று பொருள். கண்டதையெல்லாம் கழற்றாமல் வரிசையாகச் சோதிப்பதே முறை.

தீப்பொறி

காயிலில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தினால் காந்தப்புலம் சரிந்து உயர் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831இல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இது. மின்னோட்டத்தை நிறுத்தும் சிறு கதவுதான் ‘பாயிண்ட்’. இன்ஜின் நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுற்றும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு முறையாக, நொடிக்கு 25 முறை அது திறந்து மூடுகிறது. ஆகவே அது தேய்வதில் வியப்பில்லை.

பழைய புல்லட்டில் உள்ள ஆம்மீட்டர் இங்கு நமக்கு நல்ல வைத்தியர். விளக்குகளை அணைத்து, சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்துக. முள் ‘மைனஸ்’ பக்கம் சாய்ந்து மீண்டும் நடுவுக்கு வந்தால் பாயிண்ட் மூடித் திறக்கிறது. முள் அசையவே இல்லையெனில் மின்சாரம் போகவில்லை: பாயிண்டில் அழுக்கு இருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், பாட்டரி இறங்கியிருக்கலாம். சாய்ந்த முள் திரும்பாவிடில் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் ‘ஷார்ட்’ ஆகியுள்ளது.

பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, அது முழுதும் திறந்த நிலையில் ஃபீலர் கேஜ் கொண்டு 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இடைவெளி வைக்க வேண்டும்.

“பாயிண்ட் அடிக்கடி கருகினா கண்டென்சரை மாத்துடா” என்பார் தந்தையார். அவர் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். அதன் காரணத்தை நான் கல்லூரியில்தான் அறிந்தேன். பாயிண்ட் திறக்கும் கணத்தில் அவ்விடைவெளியில் பாயவிருக்கும் மின்சாரத்தை மின்தேக்கியாகிய கண்டென்சர் ஏற்றுக்கொள்கிறது. அது கெட்டால் பொறி பிளக்கில் பாயாமல் பாயிண்டில் பாய்ந்து அதனைக் கருக்குகிறது. வரைபடம் போட்டு விளக்கியபோது, “அதான் சங்கதியா! முப்பது வருஷமா மாத்துறேன், ஏன்னு தெரியாது” என்றார். அவர் கை அறிந்ததற்கு என் ஏடு காரணம் சொன்னது; அவ்வளவே.

அழுத்தம்

கிக்கர் எதிர்ப்பின்றி இறங்கினால் அழுத்தம் கசிகிறது. முதலில் வலப்புற டேப்பெட் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்து, அழுத்த வீச்சின் உச்சியில் பிஸ்டன் நிற்கும்போது, தள்ளு தண்டுகள் விரலால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. சூடேறினால் சிலிண்டர் விரிந்து உயரும். தண்டு அத்தனை சூடாவதில்லை. எனவே சூட்டில் இடைவெளி தானே உண்டாகும். சூட்டில் இறுக்கி வைத்தால், ஆறியதும் வால்வு முழுதும் மூடாது. வெப்ப விரிவுப் பாடம் இதுவே.

பெட்ரோல்

பிளக்கின் முனை பழுப்பு நிறமாயிருந்தால் கலவை நன்று. உலர்ந்த கரி படிந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்தால் குறைவு, எண்ணெய்ப் பசையோடு கறுத்தால் ரிங்கோ வால்வு வழிகாட்டியோ தேய்ந்திருக்கலாம். கார்புரேட்டர் ஜெட் அடைபட்டால் காற்று ஊதியே நீக்க வேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி அளவு கெடும்.

எச்சரிக்கை

பெட்ரோல் கையாளும் இடத்தில் நெருப்பு கூடாது. பொறி சோதனையும் கூடாது. பிளக்கை வெறுங்கையால் பிடித்துச் சோதித்தலும் ஆகாது. பிரேக், கிராங்க் பேரிங் போன்றவற்றை அனுபவசாலியிடமே விட வேண்டும். தன் எல்லை அறிதலும் அறிவே.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பர். ஆனால் அதே ஏடு ஆம்மீட்டர் முள்ளின் அசைவைப் படிக்கக் கற்றுத் தருமானால், ஒரு குடும்பத்தின் அன்றாடக் கறிக்கும் அது உதவும். மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டியோ, தையல் இயந்திரமோ, பம்புசெட்டோ இருக்கலாம். இந்த விடுமுறையில் பாடநூலோடு அதன் அருகே சற்று அமர்ந்து பாருங்கள்.